டிரான்ஸ்பார்மரில் தாவர எண்ணெய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பட்டறையில் எண்ணெய்ச் சோதனைதான் பல வருடங்களாக என் வேலை. தாவர எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்பார்மர்கள் வர ஆரம்பித்ததிலிருந்து வயர்மேன்கள், ஃபேக்டரி மெயின்டனன்ஸ் ஆட்கள், டிப்ளமோ மாணவர்கள், அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர்கள் என்று பலரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இங்கே.

டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெய் எதற்கு?

இரண்டு வேலைகளுக்கு. ஒன்று, மின்காப்பு: 11,000 வோல்ட் ஓடும் வைண்டிங் எனும் கம்பிச் சுருளுக்கும் தொட்டியின் இரும்புச் சுவருக்கும் நடுவில் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த இடைவெளியில் காற்று மட்டும் இருந்தால் தாங்காது, எண்ணெய் இருந்தால் தாங்கும். இன்னொன்று, சூட்டை வெளியே கொண்டுபோவது. வைண்டிங்கில் சூடான எண்ணெய் மேலே ஏறி, ரேடியேட்டர் வழியாக ஆறிக் கீழே இறங்கும். சின்ன டிரான்ஸ்பார்மரில் பம்பு கிடையாது, இந்தச் சுற்று தானாகவே நடக்கும். அதனால் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது முக்கியம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நூறு வருடத்துக்கு மேலாக இந்த இடத்தில் இருப்பது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில்.

அதற்குப் பதிலாகச் சமையல் எண்ணெயையா ஊற்றுகிறார்கள்?

விதை ஒன்றுதான், எண்ணெய் வேறு. சோயா, சூரியகாந்தி, ரேப்சீட் எனும் கடுகுக் குடும்பத்து விதை ஆகியவற்றிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். வேதியியல்படி பார்த்தால் இவை எல்லாம் டிரைகிளிசரைடுகள், நம் அடுப்படியில் இருக்கும் எண்ணெயும் அதுதான். தொழிலில் இதற்கு ‘நேச்சுரல் எஸ்டர்’ என்று பெயர். சோயாவிலிருந்து வரும் எஃப்.ஆர்.3, ஒலியிக் எனும் கொழுப்பு அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தியிலிருந்து வந்த பயோடெம்ப், ரேப்சீட்டிலும் சோயாவிலும் கிடைக்கும் மைடெல் வகைகள் எல்லாம் சந்தையில் தெரிந்த பெயர்கள்.

ஆனால் டிரான்ஸ்பார்மருக்குப் போகும் முன் அதிலுள்ள பிசின், தனி அமிலம், ஈரம், மின்சாரத்தைக் கடத்தும் நுண்ணிய அசுத்தங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். காற்றில் கெடாமல் இருக்க ஆக்சிஜன் தடுப்பானும், குளிரில் உறையாமல் இருக்க வேறொரு சேர்மானமும் சேர்ப்பார்கள். எஃப்.ஆர்.3 வெளிர்பச்சையாக இருக்கும். மினரல் ஆயில் என்று தவறாக நினைத்து யாரும் கலந்துவிடக் கூடாது என்பதற்கு அந்த நிறம் உதவும். பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் உடனே தெரிந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. எண்ணெய் டிரான்ஸ்பார்மர் பிறந்த காலத்திலேயே தாவர எண்ணெயையும் முயன்று பார்த்தார்கள். அப்போதைய தொட்டிகள் காற்று உள்ளே வந்துபோகும் திறந்த அமைப்பு. தாவர எண்ணெய் அதில் சீக்கிரம் கெட்டது, குளிரில் உறைந்தது. மினரல் ஆயில் மலிவாகவும் நிலையாகவும் இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது.

மினரல் ஆயில் எரியும் என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனால் 1930களிலிருந்து பி.சி.பி. என்ற குளோரின் சேர்ந்த திரவத்தை ஊற்றினார்கள். அது எரியவே எரியாது, ஆனால் கொடிய நஞ்சு, மண்ணிலும் உடம்பிலும் சிதையாமல் தங்கும். 1968இல் மேற்கு ஜப்பானில் தவிட்டெண்ணெய் ஆலையொன்றில், எண்ணெயைச் சூடாக்கும் குழாயில் ஓடிய பி.சி.பி. கசிந்து தவிட்டெண்ணெயில் கலந்துவிட்டது. அந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட மக்களுக்குத் தோலெல்லாம் கொப்புளம் வந்தது, பிறந்த குழந்தைகளையும் பாதித்தது. ‘யூஷோ’ என்று அதற்குப் பெயர், ஜப்பானிய மொழியில் எண்ணெய் நோய். அந்தக் குடும்பங்களில் இன்றும் அதன் பாதிப்போடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். 1970களிலிருந்து ஒவ்வொரு நாடாகப் பி.சி.பி.யை நிறுத்தியது. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, 2025க்குள் கருவிகளில் பி.சி.பி. பயன்பாடே இருக்கக் கூடாது என்றது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

எரியாத நஞ்சும் வேண்டாம், எளிதில் எரியும் எண்ணெயும் வேண்டாம் என்று தேடியபோதுதான் 1990களில் தாவர எண்ணெய் திரும்ப வந்தது. இந்த முறை மூடிய தொட்டிகளும் நல்ல சுத்திகரிப்பும் இருந்தன.

தீப்பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

‘தீப்பிடிக்காது’ என்று சொல்லாதீர்கள். ‘எளிதில் தீப்பிடிக்காது’ என்பதுதான் சரி. இந்த வித்தியாசத்தில் உயிர் இருக்கிறது.

வடை சுடும்போது சட்டியில் எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். ஏறக்குறைய அதே சூட்டில் மினரல் ஆயில் நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொண்டு தொடர்ந்து எரியும். தாவர எண்ணெய் அப்படி எரிய 350 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தீப்பற்றும் நிலை 300 டிகிரிக்கு மேல் உள்ள திரவங்களை ஐ.இ.சி. எனும் சர்வதேச மின்தர அமைப்பின் 61039 தரவிதி ‘கே’ வகுப்பு என்று பிரிக்கிறது. தாவர எண்ணெய் அந்த வகுப்பு, மினரல் ஆயில் ‘ஓ’ வகுப்பு.

உள்ளே ஷார்ட் ஆகி வில்லாக மின்பொறி எழும்பினால் அங்கே ஆயிரக்கணக்கான டிகிரி சூடு. எண்ணெய் வாயுவாக உடையும், அழுத்தம் ஏறும், தொட்டி பிளக்கலாம். தாவர எண்ணெய் டிரான்ஸ்பார்மரிலும் இது நடக்கலாம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். மினரல் ஆயில் தெறித்த இடமெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும், குளம்போலத் தேங்கி எரியும். தாவர எண்ணெய், சூட்டைக் கொடுத்த மூலம் நின்றதும் தானும் அணைந்துவிடும் சாத்தியம் மிக அதிகம். ஆகவே பிரஷர் ரிலீஃப் வால்வு, உள்ளே வாயு உண்டானால் காட்டிக்கொடுக்கும் புக்கோல்ட்ஸ் ரிலே, ஃபியூஸ், சரியான எர்த்திங் எதையும் குறைக்கக் கூடாது. ‘இதுதான் பச்சை எண்ணெய் ஆச்சே’ என்று ரிலேயை பைபாஸ் செய்து வைத்திருந்த ஒரு யார்டை நானே பார்த்திருக்கிறேன். அன்று மாலை வரை அங்கிருந்து நகராமல் அதைச் சரிசெய்ய வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

கட்டடத்தின் கீழ்த்தளம், மருத்துவமனை வளாகம், மார்க்கெட், பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய மூலை போன்ற இடங்களுக்கு இந்த எண்ணெயைத்தான் நான் சிபாரிசு செய்வேன். தயங்காமல் சொல்வேன்.

தாவர எண்ணெய் தண்ணீரை இழுக்குமே, அது ஆபத்தில்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல மிகவும் பிடிக்கும். மினரல் ஆயிலில் கெடுதலாக இருப்பது இங்கே நன்மையாக மாறுகிறது.

சாதாரண அறைச் சூட்டில் மினரல் ஆயில் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் ஏறக்குறைய 60 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 60 பங்கு. அதற்கு மேல் போனால் துளியாகப் பிரிந்துவிடும், மின்காப்பு விழுந்துவிடும். தாவர எண்ணெய் அதே சூட்டில் 1000 பிபிஎம்முக்கு மேல் கரைத்து வைத்துக்கொள்ளும். மின்காப்பைக் கெடுப்பது எண்ணெயில் எத்தனை பிபிஎம் இருக்கிறது என்பதல்ல, கொள்ளளவில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதுதான். 100 பிபிஎம் ஈரம் மினரல் ஆயிலுக்கு அபாயம். தாவர எண்ணெயில் அது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் வரை உடையாமல் தாங்கும் என்ற அளவான பி.டி.வி. அசையாது. புது எண்ணெயிலேயே 200 பிபிஎம் வரை ஐ.இ.சி. 62770 அனுமதிக்கிறது.

இப்போது வைண்டிங்கைச் சுற்றிய காகிதத்தை நினைத்துப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் ஆயுள் உண்மையில் அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். எண்ணெயை மாற்றலாம், வடிகட்டலாம். காகிதம் பொடிந்துவிட்டால் வைண்டிங்கைப் பிரித்துப் புதிதாகச் சுற்றவேண்டியதுதான். காகிதம் செல்லுலோஸ், நீண்ட சங்கிலி. புதிதாக இருக்கும்போது அந்தச் சங்கிலியில் ஆயிரத்துக்கு மேல் கண்ணிகள் இருக்கும், 200க்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. சங்கிலியை வெட்டுவது சூடும் ஈரமும். வெட்டும்போது புதிதாகவும் கொஞ்சம் தண்ணீர் உண்டாகும், அது இன்னும் வெட்டும்.

மினரல் ஆயில் தண்ணீரை ஏற்காததால் ஈரம் காகிதத்திலேயே தங்கிவிடும். தாவர எண்ணெய் அதைக் காகிதத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுத்ததோடு நிற்காது. சூட்டில் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து அதைச் செலவழித்துக் கொழுப்பு அமிலமாக மாறும். அந்த நீண்ட அமிலங்கள் காகிதத்தை அரிக்கும் வகை அல்ல, செல்லுலோஸோடு ஒட்டி அதற்குக் கவசம்போல ஆகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் ஒரே சூட்டில் ஒரே காகிதம் தாவர எண்ணெயில் பல மடங்கு மெதுவாக முதுமை அடைகிறது. உயர்சூட்டுக் காப்புக்கான ஐ.இ.சி. 60076-14 தரவிதி, தாவர எண்ணெயில் ஊறிய காகிதத்தை மினரல் ஆயிலில் இருப்பதைவிட ஒரு படி உயர்ந்த வெப்ப வகுப்பில் வைக்கிறது. அதே உருவத்தில் கொஞ்சம் கூடுதல் லோடு தாங்கும் டிரான்ஸ்பார்மர் செய்யலாம், அல்லது அதே லோடில் நீண்ட நாள் ஓட்டலாம்.

அப்படியென்றால் குறையே இல்லையா?

இருக்கிறது, பெரியது ஒன்று: காற்று.

பழுதுக்கு வந்த தாவர எண்ணெய் டிரான்ஸ்பார்மர் ஒன்றை ஒரு பட்டறையில், எல்லா டிரான்ஸ்பார்மரையும் போலவே, எண்ணெயை இறக்கிவிட்டுக் ‘கோர்’ எனும் இரும்பு நடுப்பகுதியையும் வைண்டிங்கையும் வெளியே எடுத்துச் சூடான காற்று அடிக்கும் அடுப்பில் காயப்போட்டார்கள். மினரல் ஆயிலுக்கு அது வழக்கமான வேலை. மறுநாள் கதவைத் திறந்தபோது வைண்டிங் முழுக்கத் தேன் நிறத்தில் பளபளப்பான ஒரு தோல். விரலை வைத்தால் ஒட்டியது, நகத்தால் சுரண்டினால் ரப்பர்போல் சுருண்டு வந்தது. அடிக்கடி வடை சுடும் வாணலியின் வெளிப்பக்கம் பிசுக்கு ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் இருக்குமே, அதேதான். எண்ணெய் போகவேண்டிய சின்னச் சின்னக் குளிர்ச்சி வழிகள் பாதி அடைத்திருந்தன. அந்த வைண்டிங்கை அப்படியே திரும்பப் போட முடியவில்லை, புதிதாகச் சுற்றினார்கள்.

இதற்குக் காரணம் எளிது. தாவர எண்ணெயின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஆக்சிஜன் அங்கே போய் ஒட்டும், மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். தொட்டி நிறைய இருக்கும்போது மேல்பரப்பு மட்டும்தான் காற்றைப் பார்க்கும், மெல்லிய படலமாக இருந்தால் முழுசும் பார்க்கும். ஆளிவிதை எண்ணெய் மரத்தில் பூசினால் காய்ந்து வார்னிஷ் ஆவது இதே வினைதான். அதில் இரட்டைப் பிணைப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் காயும். ஒலியிக் அமிலம் அதிகமான சூரியகாந்தி வகையில் இது மெதுவாக நடக்கும், சோயாவில் கொஞ்சம் வேகமாக.

ஆகவே விதிகள் இவை. பிரீதர் வழியாக வெளிக்காற்று வந்துபோகும் தொட்டியில் இந்த எண்ணெயை ஊற்றக் கூடாது. முழுக்க அடைத்த தொட்டியோ, மேலே நைட்ரஜன் போர்வையோ, கன்சர்வேட்டர் எனும் மேல் எண்ணெய்த் தொட்டிக்குள் ரப்பர் பையோ இருக்க வேண்டும். எண்ணெயில் ஊறிய வைண்டிங்கைச் சூடான காற்றில் காயவைக்கக் கூடாது, வேக்குவமில் காயவைக்கலாம். திறந்து வேலை செய்யும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். இன்று முடியாது என்று தெரிந்தால் திரும்ப எண்ணெய்க்குள் இறக்கிவிடுங்கள்.

கடையில் வாங்கிய கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றினால் என்ன ஆகும்?

ஊற்றாதீர்கள். கடை எண்ணெயில் ஈரம், தனி அமிலம், தூசு, சேர்மானங்கள் எல்லாம் இருக்கும். சமையலுக்கு அது போதும், 11 கே.வி.க்கு, அதாவது 11,000 வோல்ட்டுக்கு, போதாது.

தேங்காய் எண்ணெய் கொஞ்சம் வேறு கதை. அதில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. இரட்டைப் பிணைப்பு குறைவு என்பதால் காற்றில் எளிதில் பிசுக்காகாது. அந்தவகையில் அது சோயாவைவிட மேல். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்திலேயே அதை டிரான்ஸ்பார்மர் எண்ணெயாகச் சோதித்துப் பார்த்தார்கள். தென்னை விளையும் நாட்டுக்கு அது நியாயமான யோசனை. ஆனால் மார்கழியில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகிறது என்று எல்லார் வீட்டுக்கும் தெரியும். ஏறக்குறைய 24 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். லோடு ஓடும்போது சூட்டில் உருகித்தான் இருக்கும். ஆனால் ராத்திரி சப்ளை போய், விடிகாலையில் சார்ஜ் செய்யும்போது உள்ளே வெள்ளையாகக் கட்டியிருந்தால் எண்ணெய் ஓடாது, கட்டிக்குள் வெற்றிடங்கள் இருக்கும், அங்கே மின்பொறி எழும். தரவிதிப்படி எண்ணெய் மைனஸ் 10 டிகிரியிலும் ஓட வேண்டும்.

விளக்கெண்ணெய்க்கு வேறு இடம் கிடைத்தது. மிகக் கெட்டியானது என்பதால் டிரான்ஸ்பார்மருக்கு ஒத்துவராது, ஆனால் நொடியில் ஆற்றலைக் கொட்டும் உயர் அழுத்தக் கெப்பாசிட்டர்களில் காகிதத்தை ஊறவைக்க அதைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

புங்க எண்ணெய் எனக்கு நம்பிக்கை தரும் ஒன்று. சாப்பிட முடியாது, ஒலியிக் அமிலம் நன்றாக இருக்கிறது, மரம் வறட்சியிலும் நிற்கும். கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் நம் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் பல தாவர எண்ணெய்களில் ஆக்சிஜன் தடுப்பான் சேர்த்து ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆய்வகத்திலிருந்து பேரல் பேரலாக ஒரே தரத்தில் வரும் நிலைக்கு அது வர வேண்டும்.

கெட்டியாக இருப்பதால் சூடு இறங்காதே?

40 டிகிரியில் மினரல் ஆயிலின் பிசுபிசுப்பு 10 சென்டிஸ்டோக்ஸ் பக்கம், தாவர எண்ணெய் 33, 35 வரும். அதனால் ரேடியேட்டரில் மெதுவாகத்தான் ஓடும், அதே டிரான்ஸ்பார்மரில் வைண்டிங் சூடு சில டிகிரி கூடும். காகிதம் அந்தச் சில டிகிரியைத் தாங்கும் என்பதை மேலே பார்த்தோம். புதிதாக வடிவமைக்கும்போது குளிர்ச்சி வழிகளைக் கொஞ்சம் அகலமாக விடுவார்கள். ஜப்பானில் பாமாயிலிலிருந்து, பிசுபிசுப்பு மினரல் ஆயிலைவிடவும் குறைவாக உள்ள ஒரு எஸ்டரைச் செய்திருக்கிறார்கள்.

பழைய டிரான்ஸ்பார்மரில் மினரல் ஆயிலை இறக்கிவிட்டு இதை ஊற்றலாமா?

ஊற்றலாம். ஆனால் முதலில் தொட்டி எந்த வகை என்று பாருங்கள். சிலிக்கா ஜெல் பிரீதர் தொங்கினால் அது காற்று வாங்கும் தொட்டி. அதை அடைத்த அமைப்பாக மாற்ற முடியுமா என்று தயாரித்தவரிடமோ விவரம் தெரிந்த பட்டறையிடமோ கேட்காமல் தொடக் கூடாது.

இறக்கிய பிறகும் காகிதத்திலும் மூலைகளிலும் பழைய எண்ணெய் தங்கும். நன்றாக வடியவிட்டு, சூடான தாவர எண்ணெயால் அலசி, அதையும் இறக்கிய பிறகுதான் நிரப்ப வேண்டும். தங்கும் மினரல் ஆயில் ஏழு சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றும் நிலை 300க்குக் கீழே இறங்கக்கூடும், ‘கே’ வகுப்பு போய்விடும். செலவழித்ததன் பாதிப் பயன் அங்கேயே போய்விடும். கேஸ்கெட்டுகள் கெட்டித்துப்போயிருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். நல்ல தர நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பர் போடலாம். ஃபில்டர் மெஷினும் ஹோசும் இதற்கென்று தனியாக இருக்க வேண்டும். முன்னால் சிலிக்கோன் ஆயில் ஓடிய ஹோஸ் என்றால் தொடவே வேண்டாம், நுரை கட்டும்.

நிரப்பியதும் உடனே சார்ஜ் செய்யக் கூடாது. கெட்டியான எண்ணெய் காகிதத்துக்குள் இறங்க மினரல் ஆயிலைவிட அதிக நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

பெரிய பவர் டிரான்ஸ்பார்மருக்கும் சரிவருமா?

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ அருகே புருக்சாலில் டிரான்ஸ்நெட் பி.டபிள்யூ. நிறுவனத்துக்காக சீமென்ஸ் செய்த 420 கே.வி. டிரான்ஸ்பார்மர் தாவர எண்ணெயில் ஓடுகிறது. நீர்ப் பாதுகாப்புப் பகுதிகளுக்கு ஏற்றது என்பது அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். ஆகவே முடியும்.

ஆனால் மினரல் ஆயிலுக்குப் போட்ட டிராயிங்கை அப்படியே எடுத்து எண்ணெயை மட்டும் மாற்றினால் உயர் அழுத்தத்தில் சிக்கல் வரும். சின்ன இடைவெளியில் இரண்டு எண்ணெயும் கிட்டத்தட்ட ஒரே அளவு தாங்கும். இடைவெளி பெரிதாகி, மின்னல்போலத் திடீரென்று அழுத்தம் ஏறினால், தாவர எண்ணெயில் பொறி குறைந்த அழுத்தத்திலேயே வேகமெடுத்துப் பாயும். அதனால் பெரிய இடைவெளிகளைக் காப்பு அட்டைகளால் சிறிதாகப் பிரித்து வடிவமைப்பார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரும் இந்த எண்ணெய்க்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும், வேக்குவம் வகை நல்லது. விநியோக டிரான்ஸ்பார்மர் அளவில் இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

சோதனையில் என்ன கவனிக்க வேண்டும்?

பி.டி.வி. எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். கோப்பையில் ஊற்றும்போது உண்டாகும் குமிழிகள் மினரல் ஆயிலில் கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும், இதில் மெதுவாகத்தான் ஏறும். 2.5 மில்லிமீட்டர் இடைவெளிக்கு நடுவில் ஒரு குமிழி நின்றால் போதும், 65 கே.வி. தாங்கவேண்டிய எண்ணெய் 30 கே.வி.யில் உடையும். சுவரோரமாகச் சாய்த்து ஊற்றி, கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, குமிழி போன பிறகு தொடங்குங்கள்.

அமில எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. புது எண்ணெய்க்கே வரம்பு 0.06. மினரல் ஆயிலுக்கு 0.01. ஓட ஓட அது ஏறும், ஏனென்றால் தண்ணீரைச் செலவழித்து உண்டாகும் கொழுப்பு அமிலமும் அதில் சேரும். அமில எண்ணோடு பிசுபிசுப்பும் ஏறினால்தான் காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். மின்காப்புத் தடையை அளக்கும் மெக்கர் வைத்தாலும் மினரல் ஆயில் டிரான்ஸ்பார்மரைவிடக் குறைவாகக் காட்டும், காப்பில் வீணாகும் ஆற்றலின் அளவான டான் டெல்டா கூடுதலாகக் காட்டும். எண்ணெயின் இயல்பு அது. நிரப்பிய அன்றே எடுத்த அளவுகளைப் பத்திரமாக வைத்து, அவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கரைந்த வாயு ஆய்வுக்குக் கொடுக்கும்போது இது தாவர எண்ணெய் என்று பாட்டில் மேல் எழுதுங்கள். சோயா வகையில் எந்தப் பழுதும் இல்லாமலேயே ஈத்தேன் வரும். மினரல் ஆயில் அட்டவணையை வைத்துப் பார்த்தால் நல்ல டிரான்ஸ்பார்மரைத் திறக்கச் சொல்லிவிடுவார்கள். வாயுக்களின் விகிதத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் டுவல் முக்கோணம் என்ற வரைபடத்தில் இதற்கென்று தனி வகை இருக்கிறது, ஐ.இ.இ.இ. சி57.155 என்ற வழிகாட்டியும் இருக்கிறது. இந்தியத் தரவிதி என்று கேட்டால், புது எண்ணெய்க்கு ஐ.எஸ். 16659.

தரையில் கசிந்தால் பரவாயில்லையா?

மினரல் ஆயில் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். தாவர எண்ணெயை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில வாரங்களில் பெரும்பகுதி தின்றுவிடும். கிணற்றுக்கும் வயலுக்கும் பக்கத்தில் கம்பத்தில் நிற்கும் டிரான்ஸ்பார்மர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் மனதில் ஓடும். ஆனாலும் கசிவு கசிவுதான். குளத்தில் கொட்டினால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மீன் மிதக்கும். மணல் போட்டு எடுத்து, கசியும் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

விலை?

மினரல் ஆயிலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். வெளியூரில் திறந்த வெளியில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு அந்தக் கூடுதல் செலவு வீண் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். கட்டடத்தை ஒட்டி நிற்கும்போது கணக்கு மாறும். தீச்சுவர், இடைவெளி, எண்ணெய்த் தொட்டிக்குழி, தீயணைப்புக் குழாய் எல்லாவற்றிலும் மிச்சமாகும். நகரத்தில் சதுர அடி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

சாப்பாட்டு எண்ணெயை எடுத்து இதற்கு ஊற்றுவது சரியா?

நியாயமான கேள்வி. நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள். தெருவில் நிற்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு வேண்டியது ஒரு பேரலுக்குள் அடங்கும், அதையும் ஒருமுறை ஊற்றினால் இருபது முப்பது வருடம். ஒரு பெரிய ஹோட்டல் சில வாரங்களில் அதைச் செலவழித்துவிடும். புங்கம் போன்றவை வந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

தாவர எண்ணெய்தானே, இறக்கிய எண்ணெயைச் சமையலுக்கோ தலைக்கோ பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. கிராமங்களில் இதைச் சிலர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள், மூட்டுவலிக்குத் தேய்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். புது எண்ணெயிலேயே சாப்பிடக் கூடாத சேர்மானங்கள் உண்டு. ஓடிய எண்ணெயில் செம்புத் துகள், காகிதம் சிதைந்து உண்டாகும் ஃபியூரான் எனும் வேதிப்பொருள், மின்பொறியில் உடைந்த பொருட்கள் எல்லாம் கரைந்திருக்கும். பழைய டிரான்ஸ்பார்மரில் மாற்றி ஊற்றியது என்றால் மினரல் ஆயிலும் அதில் கலந்திருக்கும், அதற்கு முன் அந்தத் தொட்டியில் பி.சி.பி. இருந்ததா என்பதும் தெரியாது. பேரலில் இறக்கியதும் மூடியைப் பூட்டி, ‘சமையலுக்கு அல்ல, நஞ்சு’ என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்காக மண்டையோட்டுப் படமும் வரைகிறோம். அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துப் போவார், பயோடீசலாக மாற்ற முடியும். அவர் வரும்வரை பேரல் கம்பி வேலிக்குள்தான் இருக்கும்.